பத்து வெள்ளியில் பிறந்த முதலாளிகள்



கடை வைத்திருப்பவர் வருட முடிவில் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, போட்ட முதல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். இன்று பட்டணங்களில் புதிதாகக் கம்பெனி தொடங்கும் இளைஞர்களும் இதைத்தான் செய்கிறார்கள். முதல் வருடத்தில் எங்கே ஏறினோம், எங்கே சறுக்கினோம் என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அதைக் கேட்கும்போது, "தொழில் தொடங்குவதெல்லாம் பணக்காரர் காரியம், பால்வாளி தூக்கிய நமக்கு அதில் என்ன வேலை?" என்று உங்களுக்குத் தோன்றலாம்.

அப்படி நினைக்காதீர்கள்! நம் தோட்டத்து மக்களும் இந்த நாட்டில் ஒரு பெரிய தொழிலைத் தொடங்கினார்கள். அதுதான் 1960ஆம் ஆண்டில் பிறந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அதற்கு வித்திட்டவர் வீ. தி. சம்பந்தன். அந்தச் சங்கத்தின் முதல் வருடக் கணக்கை இன்று நாம் புரட்டிப் பார்ப்போம். அது உங்கள் தாத்தா பாட்டியின் கணக்கும் ஆகும்.

துண்டாடப்பட்ட தோட்டங்கள்

ரந்தாவிலும் சிலியாவிலும் லிங்கியிலும் வாழும் உங்களுக்குத் தோட்டம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம், மாலையில் கோயில் மணி. லயமும் பள்ளிக்கூடமும் ஆயாக்கொட்டகையும் ஒரே எல்லைக்குள் இருந்தன. பிழைப்பும் அங்கே, பிறப்பும் அங்கே, இறப்பும் அங்கே என்று வாழ்ந்த காலம் அது.

1950களில் இந்த வாழ்வுக்கு ஆபத்து வந்தது. 1948இல் அவசரகாலம் பிரகடனமாகியிருந்தது. நாடு சுதந்திரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நாளைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சிய வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் எல்லாரும் தோட்டம் நடத்த வாங்கவில்லை. பெரிய தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாக்கி, கூடுதல் விலைக்கு விற்றுவிட்டார்கள்.

இதில் தொழிலாளிக்கு என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா? 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது தோட்டம் என்று கணக்கு. அதற்குக் கீழே போனால் சிறுதோட்டம். துண்டு நிலம் வாங்கியவர் தம் குடும்பத்தை வைத்தோ, கண்டிராக்டரிடம் விட்டோ வேலையை முடித்துக்கொள்வார். லயம் எதற்கு? பள்ளிக்கூடம் எதற்கு? ஆக, தோட்டம் துண்டானபோது வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோயின. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அந்த அளவுக்கு அது நாட்டையே உலுக்கிய பிரச்சினை.

தொடங்கியவர் யார்?

சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டச் சொந்தக்காரர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார், 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார், சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். பின்னாளில் துன் பட்டமும் பெற்றார். சங்கம் பிறந்த சமயத்தில் அவர் அமைச்சராக இருந்தார்.

அமைச்சர் மேடையேறி அனுதாபம் பேசியிருக்கலாம். மனுக்களை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் வேறு கேள்வி கேட்டார்: "தோட்டத்தை யாரோ வாங்கத்தான் போகிறார்கள். அதை அங்கே வேலை செய்பவர்களே வாங்கினால் என்ன?"

கேட்பதற்கு எளிதுதான்! ஆனால் பணம்? ஒரு பங்கு 100 வெள்ளி என்று வைத்தார்கள். அதை மொத்தமாகக் கட்டத் தொழிலாளியால் முடியுமா? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்றால் சில நாள் உழைப்பு. பிள்ளைகளுக்கு வாங்க வேண்டிய அரிசியும் பருப்பும் அந்தப் பணத்தில்தான் இருந்தன.

நம்பிக்கை என்னும் முதல்

எந்தத் தொழிலுக்கும் முதல் வருடம் சோதனை வருடம். இந்தச் சங்கத்துக்குச் சோதனை இரட்டிப்பாக இருந்தது.

முதல் சோதனை, சந்தேகம். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களை நம் மக்கள் பார்த்திருக்கிறார்கள். "நம்மையா தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆக்கப் போகிறார்கள்?" என்று அவர்கள் தயங்கினால் அதில் குற்றம் என்ன? ஆகவே சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். ஆள் ஆளாகச் சேர்த்தார்கள். பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்ந்தது.

இரண்டாவது சோதனை, காலம். 1960இல் ரப்பர் விலை உயர்ந்திருந்தது; அடுத்த ஆண்டே இறங்கியது. செயற்கை ரப்பர் வேறு போட்டிக்கு வந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் தோட்டம் வாங்கி நட்டப்பட்டால் பணக்காரருக்குச் சொத்தில் ஒரு பகுதி போகும். ஏழைத் தொழிலாளிக்கோ இருந்ததெல்லாம் போகும்! தொடங்கியவரின் தோளில் அந்தப் பாரம் இருந்தது.

ஆனாலும் பின்வாங்கவில்லை. 1961இல் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுவே முதல் தோட்டம். பால் வெட்டியவர்கள் பங்குதாரர்களாயினர். கூட்டுறவின் விதிப்படி, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்று, நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான்.

இப்படி ஏழைகள் கூடி எழுந்தது உலகத்துக்குப் புதிதல்ல. 1844இல் இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் ஊரில் 28 தொழிலாளர்கள் சேர்ந்து 28 பவுன் முதல் திரட்டினார்கள். வாரந்தோறும் சில காசுகளாகச் சேர்த்த பணம் அது. அதைக்கொண்டு வெண்ணெய், சர்க்கரை, மாவு என்று நாலைந்து சாமான்களோடு ஒரு சிறு கடை திறந்தார்கள். உலகமெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கத்துக்கு அந்தக் கடையே முன்மாதிரி.

கணக்கில் என்ன மிஞ்சியது?

உள்ளதை உள்ளபடி சொல்வோம். சங்கம் பின்னர் மேலும் பல தோட்டங்களை வாங்கியது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. 1960களிலும் துண்டாடல் தொடர்ந்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. உங்களில் எத்தனையோ குடும்பங்கள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் குடிபெயர்ந்துவிட்டன.

அப்படியானால் அந்த வருடத்தின் இலாபம் என்ன? "நாம் கூலிகள், நம்மால் என்ன ஆகும்?" என்ற எண்ணத்தை அந்தப் பத்து வெள்ளி உடைத்ததே, அதுதான் இலாபம்! சம்பந்தன் 1979இல் மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் மறையவில்லை. கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய விஸ்மா துன் சம்பந்தன் கட்டடம் அதற்குச் சாட்சி.

வாசகர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ வைத்துவிட்டுப் போன பங்குப் பத்திரம் அதில் இருக்கலாம். இருந்தால், பெயரும் வாரிசு விவரமும் சரியாக உள்ளனவா என்று சங்க அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது!

உங்கள் மகனோ மகளோ சாப்பாட்டுக் கடையோ தையல் கடையோ தொடங்கினால், முதல் வருட முடிவில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள். "கையில் எவ்வளவு மிச்சம்?" என்பது ஒன்று. "உன்னை நம்பி எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சிறியதாக இருந்தாலும் கவலை வேண்டாம். இரண்டாவதற்கு நல்ல பதில் கிடைத்தால் அந்தத் தொழில் நிலைக்கும். பத்து வெள்ளி கொடுத்த தோட்டத்து மக்கள் நமக்குச் சொல்லிவிட்டுப் போன பாடம் இதுவே.