கடைசிக் குழாயில் மஞ்சள் நிறம்

விடிகாலை நாலே முக்கால் மணி. சிவகங்கை மாவட்டத்து ஒக்கூரில் டீக்கடை கூட இன்னும் திறக்கவில்லை. நான் மட்டும் மோட்டார் அறை வாசலில் கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் ஆக்குப்புரைக்குள் எட்டிப் பார்க்க விட்டால் சின்னப் பிள்ளைக்கு எப்படி இருக்குமோ, எனக்கு அப்படி இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, பொழுது சாய்ந்தால் தெருவிளக்கு எரிகிறது, வாசலில் வைத்த குப்பை போய்விடுகிறது. இதெல்லாம் எந்த நேரத்தில், யார் கையால் நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமென்று எத்தனை நாள் ஆசை!

"திரீபேஸ் வந்துருச்சுத்தா, வாங்க" என்று கூப்பிட்டார் டேங்க் ஆபரேட்டர். அரசுத் தாளில்தான் அவர் ஆபரேட்டர். ஊருக்குள் 'தண்ணி திறந்து விடுறவர்'. பச்சைப் பொத்தானை அமுக்கினார். ஸ்டார்ட்டர் டக்கென்று பிடித்துக்கொண்டது. தரைக்கடியில் எங்கோ ஒரு உறுமல், அப்புறம் குழாய்க்குள் காற்று தள்ளிக்கொண்டு ஓடுகிற சத்தம். "ஏர் போகுது, இப்ப தண்ணி ஏறும் பாருங்க" என்றார். ஏறியது! காதை இரும்புக் குழாயில் வைத்துக் கேட்டேன். அந்தக் குளிர்ச்சி இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் என்னைக் கட்டிப் போட்டது. ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டியென்றால் 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாதாம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு வைத்துத்தான் ஊருக்குத் திறக்க வேண்டும். வீட்டில் பால் காய்ச்சும்போது கூட நான் இவ்வளவு பொறுமையாக நின்றதில்லை.

"எல்லாத் தெருவுக்கும் ஒண்ணாத் திறக்க மாட்டீகளாண்ணே?"

"மேட்டுத் தெருவுக்கு முதல்ல விடணும்த்தா. பள்ளத்துத் தெரு வால்வத் திறந்துட்டா அதுவே குடிச்சிரும், மேட்டுக்கு ஏறாது."

எந்த வால்வை எத்தனை சுற்று, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர் மனசுக்குள் இருக்கிறது. 'எங்க தெருவுக்கு மட்டும் லேட்டா விடுறாங்க' என்று நாம் சண்டைக்குப் போகிறோமே, அதில் பாதிக்கு விடை அந்த மேடு பள்ளத்தில் இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் விளங்கியது.

தொட்டியிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கடைசிக் குழாய்க்குப் போனோம். அவர் சட்டைப் பையிலிருந்து சுண்டு விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழலை எடுத்தார். குழாய்த் தண்ணீரைப் பிடித்தார், ஒரு கரைசலிலிருந்து சில சொட்டு விட்டார், குலுக்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எலுமிச்சைத் தோலை லேசாகத் தேய்த்தாற்போல ஒரு மஞ்சள் நிறம் மெல்லப் படர்ந்தது. பக்கத்தில் இருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டார். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது குழாயடியில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. தொட்டியில் ஊற்றிய மருந்து, தெருத் தெருவாக ஓடி, கிருமிகளோடு மல்லுக்கட்டி, கடைசி வீட்டுக்கு வரும்போதும் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் நடுவில் இருக்கும் வீடுகளெல்லாம் பத்திரம். அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டியும் விட்டேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

ஒக்கூருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு பழையது. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பவை 8 பாடல்கள். புறநானூற்றில் ஒன்று, அகநானூற்றில் 2, குறுந்தொகையில் 5. அகப்பாட்டுகளில் மழையும் கார்காலமும் வந்துகொண்டே இருக்கும். இந்தச் சீமையில் எல்லாருமே வானம் பார்த்தவர்கள்தான். கண்மாய், ஊருணி, அதற்கு வரத்துக்கால் என்று மழை விழுகிற இடத்திலிருந்து அது தங்குகிற இடம் வரை பாதை போட்டு வைத்த ஊர்கள் இவை. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் விழுகிற கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்தார்கள். குழாய் வந்த பிறகு வரத்துக்காலை மறந்துவிட்டோமோ என்பதுதான் என் கவலை. ஊருணிக்கு வரும் கால்வாயில் குப்பை கொட்டுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆறு மணிக்கெல்லாம் தூய்மைக் காவலர்கள் வண்டியோடு வந்துவிட்டார்கள். மக்குவது தனி, மக்காதது தனி. "தேங்காச் செரட்டையும் பால் கவரும் ஒரே பையில இருந்தா நாங்க கைய விட்டுத்தான் பிரிக்கணும்" என்று ஒரு அக்கா விரல்களை விரித்துக் காட்டினார். இவர்களின் மாத ஊதியம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆனது. அது போதாது. எங்கே கேட்டாலும் சொல்வேன், போதவே போதாது.

பத்து மணிக்கு ஊராட்சி அலுவலகம். 'பஞ்சாயத்து கிளர்க்' என்று நாம் கூப்பிடும் ஊராட்சி செயலரின் மேசையில் பதிவேடுகள் அடுக்கடுக்காக. கிராம ஊராட்சிப் பணத்துக்கு மூன்று கணக்குகள் உண்டு என்பது தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது! ஒன்றாம் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் அதில். இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட மட்டும். மூன்றாம் கணக்கு திட்டப் பணிகளுக்கு. காலையில் கேட்ட மோட்டார் உறுமலுக்கு இரண்டாம் கணக்கில் பணம் போகிறது. 2021-26-க்கான 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் கிராமங்களுக்கு 100 ரூபாய் வந்தால் அதில் 60 ரூபாயைத் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பது விதி.

எங்கள் மாவட்டத்துக் காரைக்குடி 1928-இல் நகராட்சியாகி, 2024-இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த அந்த ஊருக்கு இப்போது ஆணையர், பொறியாளர்கள், மண்டபம் நிறைய அலுவலர்கள். ஒக்கூர் மாதிரி ஊரில் அத்தனை வேலையும் விரல் விட்டு எண்ணுகிற ஆட்களின் தோளில். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, அவை தனி அலுவலர் பொறுப்பில் போயின. சிவகங்கை மாவட்டமும் அதில் அடக்கம். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் மோட்டார் நிற்கக் கூடாதே! நிற்கவில்லை.

அலுவலகத்தில் நான் ஆசையாகப் புரட்டியது தீர்மானப் புத்தகம். தெருவிளக்கு, வாய்க்கால், சிமென்ட் சாலை என்று ஊரின் ஏக்கமெல்லாம் வரிசை எண்ணோடு அதில் இருக்கிறது. கிராம சபையில் சொல்லப்பட்டதுதான் அதில் ஏறுகிறது. டீக்கடையில் சொன்னது ஏறுவதில்லை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் சபை கூடியதாகக் கணக்கு. அத்தனை பேரைச் சேர்ப்பதற்குள் செயலருக்கு எத்தனை போன், எத்தனை தெரு நடை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற நாளைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எரியாத விளக்கின் கம்பத்து எண்ணை ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது எழுந்து வந்துவிடாமல் உட்கார்ந்து கேளுங்கள். கடைசித் தெருக் குழாயில் குளோரின் அளவு எவ்வளவு என்றும் ஒரு தடவை கேளுங்கள். மனப்பாடமாகச் சொல்லக்கூடிய ஒருவர் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பார். மறக்காமல் அவரை முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.