வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டலாம்: குறைந்த செலவில் ட்ரெயினர் வாங்குவது எப்படி?

டிசம்பர் மாதத்தில் டொரண்டோ நகரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டி விடும். சாலையில் பனி கிடக்கும். பனியை உருக்கத் தூவும் உப்பு சைக்கிள் செயினைத் துருப்பிடிக்க வைக்கும். கோடையில் தினமும் சைக்கிள் ஓட்டியவர்கள்கூட மார்ச் வரை அதை மூலையில் சாத்தி வைத்து விடுகிறார்கள். ஆனால் உடம்புக்கு நான்கு மாத விடுமுறை கிடையாது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

இதற்கு எளிய வழி சைக்கிள் ட்ரெயினர். ஏற்கெனவே உங்களிடம் உள்ள சைக்கிளின் பின்சக்கரத்தை இந்த ஸ்டாண்டில் மாட்டி, அறைக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கலாம். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரும் வீட்டில் இருந்தால் இன்னும் வசதி. ஆனால் விவரம் தெரியாமல் வாங்கினால் சைக்கிளில் பொருந்தாத, கம்ப்யூட்டருடன் பேசாத ஒரு இரும்புச் சட்டத்துக்குப் பணம் கொடுத்ததாகி விடும். எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்று பார்ப்போம்.

எத்தனை வகை?

முதல் வகையில் பின்சக்கரத்தின் டயர் ஒரு சிறிய உருளையை அழுத்திக் கொண்டு சுற்றும். அந்த உருளை எளிதாகச் சுற்றாமல் தடுக்கும் முறையை வைத்து இதில் மூன்று பிரிவுகள் உண்டு.

விண்ட் ட்ரெயினர்: உருளையுடன் ஒரு மின்விசிறி இறக்கை சுற்றும். விலை குறைவு, சத்தம் அதிகம். அடுக்குமாடி வீட்டில் கீழ்த்தளத்தில் ஆள் இருந்தால் இது வேண்டாம்.

மேக்னடிக் ட்ரெயினர்: காந்தம் தடையை உண்டாக்கும். ஹேண்டில்பாரில் மாட்டும் சிறு லீவர் மூலம் தடையைக் கூட்டலாம், குறைக்கலாம். விலையும் குறைவு, சத்தமும் ஓரளவு குறைவு. புதியவர்களுக்கு ஏற்றது.

ஃப்ளூயிட் ட்ரெயினர்: மூடிய அறைக்குள் எண்ணெய் போன்ற திரவம் இருக்கும். வேகம் கூடக் கூடத் தடையும் தானே கூடும். சாலையில் ஓட்டுவது போன்ற உணர்வைத் தரும். விலை சற்று அதிகம்.

இரண்டாவது வகை டைரக்ட் டிரைவ். இதில் பின்சக்கரத்தையே கழற்றி விட்டுச் செயினை நேராக ட்ரெயினரில் மாட்ட வேண்டும். சத்தம் மிகக் குறைவு, டயர் தேயாது. ஆனால் உங்கள் சைக்கிளின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் கேசட் என்ற பல்சக்கரத் தொகுப்பு அதில் இருக்க வேண்டும். சில மாடல்களில் இதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். விலையைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் ட்ரெயினர் அவசியமா?

ஸ்மார்ட் ட்ரெயினர் இரண்டு வேலை செய்கிறது. நீங்கள் மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கம்ப்யூட்டர் சொன்னபடி தடையை மாற்றிக் கொள்கிறது. திரையில் மேடு வந்தால் பெடல் கனமாகும்.

வாட் கணக்கில் என்ன பயன்? ஒரு மணி நேரம் 150 வாட் சக்தியுடன் மிதித்தால் 540 கிலோ ஜூல் வேலை நடக்கிறது. நம் உடல் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மற்றது வெப்பமாகிறது. ஒரு கிலோ கலோரி என்பது 4.184 கிலோ ஜூல். இந்த இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிசெய்து விடுவதால், 540 கிலோ ஜூல் வேலைக்குச் சுமார் 540 கிலோ கலோரி செலவாகிறது என்று எடுத்துக் கொள்ளலாம். மனக்கணக்கே போதும்.

பணம் குறைவு என்றால் சாதாரண ட்ரெயினரிலேயே பாதி வசதியைப் பெறலாம். பின்சக்கரத்தின் நடுப்பகுதியில் ஒரு ஸ்பீடு சென்சார் மாட்டுங்கள். உங்கள் ட்ரெயினர் மாடலின் தடை அளவு சாஃப்ட்வேருக்குத் தெரிந்திருந்தால் வேகத்தை வைத்து வாட் அளவைக் கணித்து விடும். இது கணிப்புதான், துல்லியமான அளவு அல்ல. தினமும் டயர் காற்றும் உருளையின் அழுத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மேக்னடிக் வகையில் லீவரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். அப்போதுதான் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிட முடியும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?

சென்சார்களும் ட்ரெயினர்களும் ப்ளூடூத், ஆண்ட் ப்ளஸ் என்ற இரு வயர்லெஸ் முறைகளில் பேசுகின்றன. இரண்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. ப்ளூடூத் என்றால் உங்கள் கம்ப்யூட்டரில் 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும். ஆண்ட் ப்ளஸ் என்றால் பொதுவாக யுஎஸ்பி போர்ட்டில் செருகும் ஒரு சிறு ரிசீவர் வாங்க வேண்டும்.

ஸ்மார்ட் ட்ரெயினர் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் எஃப்டிஎம்எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உடற்பயிற்சிக் கருவிகளுக்கான பொதுவான ப்ளூடூத் முறை இது. இது இருந்தால் ஒரே நிறுவனத்தின் சாஃப்ட்வேரை நம்பி இருக்க வேண்டியதில்லை. பழைய பொருள் வாங்குபவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 1980-களிலேயே நின்டெண்டோ விளையாட்டுக் கருவியுடன் இணைந்து ஓடத் தொடங்கிய கம்ப்யூட்ரெயினர் ஒரு காலத்தில் மிகவும் மதிக்கப்பட்ட கருவி. பிற்கால மாடல்கள் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் வழியாக இணையும். இதன் தயாரிப்பு 2017-ல் நின்று விட்டது. இன்றைய லேப்டாப்பில் சீரியல் போர்ட்டும் இல்லை.

ட்ரெயினர் திரையில் தெரியவில்லையா?

* விண்டோஸின் ப்ளூடூத் செட்டிங்ஸில் போய் இணைக்காதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரின் உள்ளேயே இணையுங்கள்.
* பல ட்ரெயினர்கள் ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியுடன்தான் பேசும். உங்கள் போனில் உள்ள ஆப் அதைப் பிடித்து வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்குக் கிடைக்காது. போன் ஆப்பை மூடி விடுங்கள்.
* ஆண்ட் ப்ளஸ் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்பட்டால் ரிசீவரை ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் செருகி ட்ரெயினர் அருகே வையுங்கள். யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும்.

எந்த சாஃப்ட்வேர்?

ஸ்விஃப்ட் பெயர் பெற்றது. அதில் உலகெங்கும் உள்ளவர்களுடன் கற்பனைச் சாலைகளில் ஓட்டலாம். 2024-ல் இதன் மாதக் கட்டணம் 19.99 அமெரிக்க டாலராக உயர்ந்தது. வருடம் முழுவதும் கட்டினால் ஏறக்குறைய 240 டாலர். பல மேக்னடிக் ட்ரெயினர்களின் விலையை விட இது அதிகம்! மைவூஷ் இதே போன்றது, இலவசம். கோல்டன் சீட்டா திறந்த மூல சாஃப்ட்வேர், அதுவும் இலவசம். இதில் அழகான காட்சிகள் இல்லை. வரைபடங்களும் எண்களும்தான் இருக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். முதலில் இலவசமானவற்றில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பழக்கம் நிலைத்த பிறகு பணம் கட்டலாம்.

பணம் கொடுக்கும் முன்

1. சக்கர அளவு பொருந்துமா என்று பாருங்கள். அச்சு எந்த வகை என்றும் பாருங்கள். டிஸ்க் பிரேக் உள்ள பல புதிய சைக்கிள்களில் தடித்த த்ரூ ஆக்ஸில் இருக்கும். அதற்குத் தனி அடாப்டர் தேவை.
2. கார்பன் ஃப்ரேம் என்றால் ட்ரெயினரில் மாட்டலாமா என்று சைக்கிளின் கையேட்டில் பாருங்கள்.
3. முள் டயர் அதிகம் சத்தம் போடும், சீக்கிரம் தேயும். வழுவழுப்பான டயர் மாட்டுங்கள்.
4. பழைய ஃப்ளூயிட் ட்ரெயினர் என்றால் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.
5. ஒரு டேபிள் ஃபேன், தரைக்கு ஒரு தடித்த ரப்பர் பாய், ஒரு துண்டு ஆகியவை அவசியம். அறைக்குள் எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை கொட்டும். அது போல்ட்டுகளை அரித்து விடும். ஓட்டி முடித்ததும் சைக்கிளைத் துடைத்து விடுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கையில் பணம் குறைவு என்றால் மேக்னடிக் ட்ரெயினர், ஒரு ஸ்பீடு சென்சார், இலவச சாஃப்ட்வேர் என்று தொடங்குங்கள். அடுக்குமாடியில் சத்தம் பிரச்னை என்றால் எஃப்டிஎம்எஸ் உள்ள டைரக்ட் டிரைவ் ட்ரெயினருக்குப் பணம் சேருங்கள். எதை வாங்கினாலும் கம்ப்யூட்டர் மேசைக்கு எதிரிலேயே நிரந்தரமாக வைத்து விடுங்கள். தினமும் எடுத்து மாட்ட வேண்டியிருந்தால் பிப்ரவரிக்குள் அது துணி காயப் போடும் ஸ்டாண்டாகி விடும்.