ஜிஜி டாரியின் வாய்க்கால்

இரண்டு சூரியன்கள் உதிக்கும் கோள் நிஜமாகவே உண்டா என்று சிவகங்கையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டு. கெப்ளர்-16பி 2011-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதைவிட எனக்கு வியப்பு, கோளாகத் திரள வேண்டிய வாயுவும் தூசியும் அத்தகைய இடத்தில் எப்படித் தங்குகின்றன என்பதுதான்.

இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வட்டிலிருந்து கோள்கள் திரளும் கதை தெரிந்ததே. பக்கத்திலேயே இன்னொரு நட்சத்திரம் இருந்தால், அதன் ஈர்ப்பு அந்த வட்டின் ஓரத்தைக் கத்தரித்துவிடும். ஒவ்வொன்றையும் ஒட்டிச் சிறிய வட்டு மிஞ்சும். இரண்டையும் சேர்த்து வெகு தூரத்தில் ஒரு பெரிய வளையம் சுற்றும். இடையில் வெற்றிடம்.

சிறிய வட்டு நட்சத்திரத்துக்குள் விழுந்து சீக்கிரமே தீர்ந்துவிடும். ரிஷப விண்மீன் குழுவின் இளம் நட்சத்திரங்களை ஆராய்ந்து ஆடம் கிராஸ் குழுவினர் 2012-ல் வெளியிட்ட முடிவின்படி, பூமி–சூரியன் தொலைவைப்போல் சுமார் 40 மடங்குக்குள் நெருங்கியிருக்கும் ஜோடிகளில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளில் வட்டை இழந்துவிடுகின்றன.

மீதியுள்ளவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? இங்கேதான் என் மனம் கவர்ந்த ஜிஜி டாரி-ஏ என்ற இளம் நட்சத்திர ஜோடி வருகிறது. அதே ரிஷபத்தில், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் வெளிவளையத்தின் உள்விளிம்பே பூமி–சூரியன் தொலைவைப்போல் 180 மடங்கு தள்ளி இருக்கிறது. சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கிகளைக் கொண்டு ஆன் டுட்ரே குழுவினர் பார்த்தபோது, வளையத்திலிருந்து வாயு ஓர் இழையாக வெற்றிடத்தைக் கடந்து உள்வட்டை நோக்கிப் போவது தெரிந்தது. அந்த முடிவு 2014-ல் வெளியானது.

என் தாத்தாவின் கடைமடை வயலில் தேங்கிய தண்ணீர் நாலு வெயிலுக்குத் தாங்காது. ஏரி மதகு திறந்து வாய்க்காலில் வந்துகொண்டே இருந்தால்தான் கதிர் பால் பிடிக்கும். ஜிஜி டாரியின் ஏரி அந்த வெளிவளையம். வாய்க்கால் ஓடும்வரை உள்வட்டுக்கு ஆயுள் உண்டு, கோள் திரள அவகாசமும் உண்டு.

அதே 2014-ல் இன்னொன்றும் தெரியவந்தது: அந்த ஜோடியில் ஒன்று, தானே மிக நெருங்கிய இரட்டை. அதனால்தான் அதைச் சுற்றிப் பெரிய வட்டு எதுவும் தென்படவில்லை.

சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் ஏறக்குறைய பாதிக்குத் துணை உண்டு. ஆனாலும் கோள் தேடிய ஆய்வுகள் நெருங்கிய ஜோடிகளை வெகுகாலம் ஒதுக்கியே வைத்தன. இரண்டின் ஒளியும் கலந்து கணக்கைக் குழப்பும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பிள்ளைகளின் பாடநூல் படத்திலும் ஒற்றைச் சூரியனை மட்டுமே காட்டி, அதுதான் உலக வழக்கம் என்று நம்பவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. காமா செஃபெய் என்ற நட்சத்திரத்தின் துணை, நம் சூரியனிலிருந்து யுரேனஸ் இருக்கும் அளவு தூரத்தில்தான் சுற்றுகிறது. அந்த நெருக்கடியிலும் அங்கே வியாழனைவிட நிறை மிகுந்த ஒரு கோள் உருவாகியிருக்கிறது. 1988-லேயே அதன் தடயம் கிடைத்தும், உறுதிப்படுத்திய ஆய்வு 2003-ல்தான் வெளிவந்தது.