பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு எது? பினாடுபோ என்பார்கள் சிலர். கிரகடோவா என்பார்கள் பலர். அது 1883-லேயே முடிந்த கதை. சரியான விடை, அலாஸ்காவின் நோவாரப்டா. 1912 ஜூன் 6 காலைவரை அப்படியொரு எரிமலையே இல்லை.

அன்று பிற்பகல் அங்குள்ள ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் தரை பிளந்தது. சுமார் 60 மணி நேரத்தில் 13 கன கிலோமீட்டருக்குக் குறையாத பாறைக்குழம்பு வெளியே வந்து விழுந்தது. 160 கி.மீ. தள்ளியிருந்த கோடியாக் தீவு இருண்டது. ஜூனில் அந்தப் பக்கம் இரவே சரியாக இருட்டாது. ஆனால் அன்று, கையை நீட்டிப் பிடித்த லாந்தர் வெளிச்சம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. துறைமுகத்தில் நின்ற ‘மேனிங்’ என்ற அரசுக் கப்பலில் ஊரே அடைக்கலம் புகுந்தது. வெடிப்பில் நேரடியாக உயிர் போனதாகப் பதிவு இல்லை. ஆனால் கட்மாய், சவோனோஸ்கி கிராமத்து மக்கள் தங்கள் ஊரில் மறுபடி குடியேறவே இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, சாம்பலில் செடிகொடிகள் எப்படி மீள்கின்றன என்று ஆராய வந்த தாவரவியலாளர் ராபர்ட் கிரிக்ஸ், ஒரு கணவாயைத் தாண்டியதும் திகைத்துப்போனார். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தரையிலிருந்து ஆவி. ‘பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கு’ என்று அவரே பெயர் வைத்தார். பிறகு வந்த அவருடைய குழு அந்த ஆவியிலேயே சமைத்துச் சாப்பிட்டது. அடுப்பு மூட்ட விறகுதான் ஏது? மரமெல்லாம் புதைந்துகிடந்தது.

வெடித்தது பக்கத்து கட்மாய் மலை என்றே கிரிக்ஸும் நம்பினார். நம்பாமல் எப்படி? அதன் சிகரம்தானே காணாமல் போயிருந்தது! நோவாரப்டாவில் இருந்ததோ, நூறு மீட்டர் உயரம்கூட இல்லாத கரடுமுரடான கல்மேடு. 1950-களில் கார்னிஸ் கர்டிஸ் என்ற புவியியலாளர் சாம்பல் அடுக்குகளின் கனத்தை அளந்தார். கட்மாயைவிட நோவாரப்டாவை நெருங்க நெருங்கத்தான் கனம் கூடியது. கட்மாயின் அடியிலிருந்த குழம்பு 10 கி.மீ. பக்கவாட்டில் ஓடி நோவாரப்டா வழியே வெளியேற, அடி காலியான சிகரம் உள்ளே இடிந்து விழுந்திருக்கிறது. வாயடைத்து நிற்கும் அந்தக் கல்மேடு, கடைசியில் வந்த குழம்பு உறைந்த மூடி.

சாம்பல் ஆறியதும் புகைகளும் அடங்கிவிட்டன. 1960-களில் நிலவுக்குப் போகவிருந்த விண்வெளி வீரர்களை நாசா இங்கே அழைத்து வந்து பாறை படிக்கப் பழக்கியது. இன்றும் வெளியூரிலிருந்து சாலை கிடையாது. சிறு விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களும் பெரும்பாலும் அருவியில் சால்மன் பிடிக்கும் கரடிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பகுதியிலுள்ள தேசியப் பூங்காவின் பெயரும் இன்னும் கட்மாய்தான்.