அரை மணி நேர டிரிப், 46 மணி நேர பம்ப்

கணையப் புற்றுநோய் முற்றிப்போய் வந்தவருக்கு 1990களின் நடுப்பகுதிவரை டாக்டர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது ஃபுளோரோயூராசிலைத்தான். 1957இல் வந்த மருந்து. கொடுத்தாலும் பாதிப் பேர் ஐந்து மாதம் தாண்டவில்லை.

1996இல் அமெரிக்காவில் ஜெம்சிடபைனுக்கு அனுமதி கிடைத்தது. 126 பேரை வைத்து நடந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 4.4 மாதத்திலிருந்து 5.7 மாதம் ஆனது, அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் அந்த ஆய்வு முதலில் கேட்டது ஆயுளை அல்ல. வலி குறைந்ததா, வலி மாத்திரை குறைந்ததா, எழுந்து நடமாட முடிகிறதா, எடை ஏறியதா? இந்த வகையில் தேறியவர்கள் புது மருந்தில் 24 சதவீதம், பழையதில் 5. நோயாளியின் பக்கம் நின்று கேட்ட கேள்விகள் இவை என்பேன். வாரம் ஒரு தடவை அரை மணி நேர டிரிப். முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

பிறகு ஜெம்சிடபைனோடு எதையெதையோ சேர்த்துப் பார்த்தார்கள். 2005இல் அனுமதி பெற்ற எர்லோடினிப் மாத்திரை கூட்டிக் கொடுத்தது ஏறத்தாழ பத்து நாள். புள்ளிவிவரப்படி அது வெற்றி!

நிலைமையை மாற்றியது 2011இல் பிரான்ஸிலிருந்து வந்த ஃபோல்ஃபிரினாக்ஸ். அதே பழைய ஃபுளோரோயூராசிலோடு லியூகோவோரின், இரினோடீகான், ஆக்சாலிபிளாட்டின். ஜெம்சிடபைனில் 6.8 மாதமாக இருந்த இடைநிலை ஆயுள் இதில் 11.1 ஆனது. ஆனால் உடம்பு படும் பாடு கொஞ்சமல்ல. ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் மருந்து ஏற்றிய பிறகும் விடுதலை இல்லை. 46 மணி நேரம் ஓடும் பம்பை உடம்போடு சுமந்துகொண்டே சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்கு ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டால் விரல் நுனி சுரீரென்னும். ஜில் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தால் தொண்டை இறுகும். வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு வேறு. அதனால் தெம்புள்ளவர்களுக்கே இது. தளர்ந்த முதியவருக்கு இன்றும் தனி ஜெம்சிடபைன் எழுதுவதுண்டு. அறுவை முடிந்தவர்களுக்கோ ஃபோல்ஃபிரினாக்ஸ் கூட்டு, சற்று மாற்றிக் கொடுத்தபோது, ஜெம்சிடபைனில் கிடைத்த 35 மாதத்தை 54 ஆக்கியது என்று 2018இல் தெரிந்தது.

இப்போது மரபணுவைப் பார்த்தும் மருந்து எழுதுகிறார்கள். பிஆர்சிஏ மரபணுக் கோளாறு பரம்பரையாக உள்ளவர்களுக்கு 2019இல் ஓலாபரிப் மாத்திரை வந்தது. நோய் மீண்டும் வளர்வதைத் தள்ளிப்போட்டது, மொத்த ஆயுளைக் கூட்டவில்லை. கணையப் புற்றுநோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் கெட்டுப்போயிருப்பது கேராஸ் மரபணு. அதை எந்த மருந்தாலும் தொட முடியாது என்றே பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். அதைக் குறிவைக்கும் டாராக்ஸோன்ராசிப் என்ற மாத்திரை பெரிய ஆய்வுகள்வரை வந்துவிட்டது. பம்ப் இல்லை, டிரிப் இல்லை. தொந்தரவுகளில் முன்னால் நிற்பவை தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும்.