மூன்றாம் வரிசையில் யார் உட்காருவார்கள்?

குடும்பத்துக்குக் கார் பார்ப்பவர்கள் முதலில் போட வேண்டியது தலைக்கணக்கு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்ற அளவில் ஐந்து இருக்கை வண்டி தாராளமாகப் போதும். ஊரிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்தாலோ, இன்னொரு குழந்தை பிறந்தாலோ அதே வண்டி ஒரே நாளில் சிறுத்துவிடுகிறது. மடியில் ஒரு பிள்ளை, நடுவில் ஒருக்களித்தபடி ஒருவர் என்று சமாளிக்கும் வீடுகள் ஏராளம். உள்ளூருக்கே அது ஆபத்து. நெடுஞ்சாலைக்குச் சொல்லவே வேண்டாம். இந்தக் கட்டத்தில்தான் ஏழு இருக்கை வண்டிகளின் பக்கம் பார்வை திரும்புகிறது.

இந்தியாவில் இந்த வகைக்குக் குடும்ப மரியாதை தேடித் தந்த வண்டிகளில் முதலில் சொல்ல வேண்டியது 2000இல் வந்த டொயோட்டா குவாலிஸ். 2005இல் அதன் இடத்தில் இன்னோவா வந்தது. மாருதி எர்டிகா 2012இலும், ஒரகடத்தில் தயாராகும் ரெனால்ட் டிரைபர் 2019இலும், கியா காரென்ஸ் 2022இலும் சந்தைக்கு வந்தன. காகிதத்தில் எல்லாமே ஏழு பேருக்கானவை. உண்மையில் எத்தனை பேர் வசதியாகப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது மூன்றாம் வரிசை.

ஷோரூமில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பதிலும் திரையைத் தடவிப் பார்ப்பதிலுமே பாதி நேரம் கழிந்துவிடுகிறது. கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்த வண்டிகள் பலவற்றில் அங்கே தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருப்பதால் முழங்கால் மேலே எழும்பி நிற்கும். தொடைக்குக் கீழே தாங்கல் இருக்காது. ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். விழுப்புரம் தாண்டுவதற்குள் இடுப்பு கேள்வி கேட்கும். நடு வரிசையை முன்னே தள்ளினால் பின்னே இடம் கிடைக்கும், ஆனால் அது நடு வரிசைக்காரரிடமிருந்து எடுத்த இடம். ஆகவே மூன்று வரிசையிலும் பெரியவர்களை உட்காரவைத்துப் பார்த்தால்தான் வண்டியின் உண்மையான கொள்ளளவு தெரியும்.

ஏறி இறங்குவது அதைவிடப் பெரிய சோதனை. நடு இருக்கையை மடித்து, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து உடம்பைத் திருப்ப வேண்டும். மூட்டு வலி உள்ள தாத்தா பாட்டியால் ஆகிற காரியமில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே போகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டில் அப்பாவின் உயரத்துக்கு வந்துவிடுவார்கள் என்பதையும், வண்டி பத்து ஆண்டு வீட்டில் இருக்கும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஏசி காற்று கடைசி வரை போகிறதா என்பதை மதிய வெயிலில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சித்திரையில் வென்ட் இல்லாத மூன்றாம் வரிசை தண்டனைதான்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு முடிச்சு விழுகிறது. குழந்தை இருக்கையை நடு வரிசையில் பொருத்திவிட்டால் பல வண்டிகளில் அந்தப் பக்க இருக்கையை மடிக்க முடியாது. மூன்றாம் வரிசைக்கான வழி அந்தப் பக்கம் அடைபட்டுவிடும். இரு தனி இருக்கைகளாகப் பிரிந்த நடு வரிசை என்றால் இடையில் நுழைந்து போகலாம், ஆனால் ஓர் இருக்கை குறையும். குழந்தை இருக்கை நம் வீடுகளில் இன்னும் ஆடம்பரமாகவே பார்க்கப்படுகிறது. சட்டத்தின் பார்வை வேறு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுவோம், மடியில் இருக்கும் குழந்தையை மோதலின்போது எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

அடுத்தது டிக்கி. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர் இடம் உண்டு. டிரைபரில் 84 லிட்டர். இரண்டு மூன்று பள்ளிப் பைகளோடு சரி. டிரைபரின் கடைசி இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டராக விரியும் என்பது நல்ல யோசனைதான், ஆனால் அப்போது அது ஐந்து பேர் வண்டி. ஏழு பேரும் ஏழு பேரின் பெட்டிகளும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்றால் மேலே கேரியர் போட வேண்டும், அல்லது இன்னோவா அளவு வண்டிக்குப் போக வேண்டும்.

எடையும் அப்படித்தான். ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் ஏழு பேர் 455 கிலோ. பெட்டிகளையும் சேர்த்தால் அரை டன்னைத் தாண்டும். டிரைபரின் இன்ஜின் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், சுமார் 72 குதிரைத்திறன், எர்டிகாவுடையது 1.5 லிட்டர், நூறு குதிரைத்திறனுக்குச் சற்று மேல். சமதரையில் தனியாக ஓட்டும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முழுச் சுமையோடும் ஏசியோடும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நன்றாகவே தெரியும். இறங்கும்போது பிரேக்குக்கும் அதே சோதனைதான். டயர் காற்று அளவு ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். சாதாரணச் சுமைக்கு ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு என்று அதில் இருந்தால், பெரிய பயணத்துக்கு முன் இரண்டாவதை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

விலையில் வரியின் பங்கு சாதாரணமானதல்ல. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் கொண்ட கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், டீசலுக்கு 1,500 சி.சி. வரை. இந்த வரம்பைத் தாண்டியவற்றுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதம். டிரைபரை நான்கு மீட்டருக்குள் அடக்கி, ஏழு இருக்கைகளையும் உள்ளே திணித்ததன் காரணம் முன்பிருந்தே இருக்கும் இந்த நான்கு மீட்டர் வரிக் கோடுதான். டிக்கி சுருங்கியதற்கும் அதுவே காரணம்.

தமிழ்நாட்டு சாலை வரி இன்னொரு படிக்கட்டு. 2023 இறுதியில் திருத்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. படிக்கட்டின் விளிம்பில் நிற்பவர்கள் கவனிக்க வேண்டும். 9.90 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய், 10.10 லட்ச வண்டிக்கு 1,81,800. விலையில் 20 ஆயிரம் கூடினால் வரியில் 53 ஆயிரம் கூடுகிறது. அலாய் வீலுக்காகவும் பெரிய திரைக்காகவும் ஒரு படி மேலே உள்ள மாடலுக்குத் தாவுவதற்கு முன், ஆன்ரோடு விலையை வரிவாரியாக எழுதி வாங்கிப் பார்ப்பது நல்லது.

எரிபொருளில் பழைய வழக்கம் இன்னும் விடவில்லை. பெரிய வண்டி என்றால் டீசல் என்பது ஒரு காலத்தில் சரியான கணக்கு. அன்று பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை இடைவெளி அதிகம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இன்றைய டீசல் வண்டியின் புகைக்குழாய்ப் பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட தூரம் சீரான வேகத்தில் ஓடும்போது அந்தக் கரி எரிந்து தானே சுத்தமாகும். பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டும் போய்வந்தால் கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். ஒர்க்‌ஷாப்பில் பணம் கரையும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு டீசல் சரி. வார நாட்களில் ஊருக்குள்ளேயே சுற்றும் குடும்பத்துக்கு அது வீண் தொல்லை.

சி.என்.ஜி. செலவைக் குறைக்கும். எர்டிகாவில் கிலோவுக்கு 26.11 கிலோமீட்டர் என்கிறது நிறுவனம்; பெட்ரோல் மேனுவலில் லிட்டருக்கு 20.51. இரண்டுமே ஆய்வகக் கணக்கு, நெரிசலில் குறையும். ஆனால் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், போகும் வழியில் பங்க் இருக்க வேண்டும். இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஹைப்ரிட் வண்டி நகர நெரிசலில்தான் தன் திறமையைக் காட்டும், விலையும் அதற்கேற்ப. மின்சார வண்டி, சொந்த வாகன நிறுத்தத்தில் பிளக் பாயிண்ட் வைத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு ஏற்றது.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் நட்சத்திரத்தைக் கேட்கிறார்கள். இந்தியாவின் சொந்த மதிப்பீட்டு முறையான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல், அதோடு பக்கவாட்டு மோதல் எல்லாம் அதில் உண்டு. நட்சத்திரத்தைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகா 2019இல் மூன்று நட்சத்திரம் வாங்கியது. விதிகள் கடுமையான பிறகு 2024இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது ஒன்று. சோதிக்கப்பட்டது இரண்டு ஏர்பேக் கொண்ட வண்டி. 2025இல் இந்திய எர்டிகாவின் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. பழைய தேதியிட்ட நட்சத்திரத்தை இன்றைய நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

நட்சத்திரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முன்பக்க மோதலில் பெரியவர் பொம்மைகள் முன்சீட்டிலும் குழந்தைப் பொம்மைகள் நடு வரிசையிலும் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசைக்கு மதிப்பெண்ணில் அப்படி ஓர் இடமில்லை. பின்னால் லாரி மோதினால் சிறிய ஏழு இருக்கை வண்டியில் கடைசி இருக்கைக்கும் பின்கதவுக்கும் நடுவில் சில அங்குலமே இருக்கும். எனவே பக்கவாட்டுத் திரை ஏர்பேக் கடைசி வரிசை வரை நீள்கிறதா, அங்கே தலைத்தாங்கியும் தோளோடு சேர்ந்த பெல்ட்டும் உண்டா என்பதை வாங்குபவர்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம்பகத்தை விளம்பரத்தில் தேடிப் பயனில்லை. டிராவல்ஸ்காரர்கள் எதை ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும் என்பதால் அவர்கள் அழகுக்கு மயங்குவதில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாக்களும் எர்டிகாக்களும் டி போர்டு மாட்டிக்கொண்டு இன்னும் ஓடுவதைத் தமிழ்நாட்டின் எந்த டாக்ஸி ஸ்டாண்டிலும் பார்க்கலாம். கிளட்ச் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினார், சஸ்பென்ஷன் வேலைக்கு எவ்வளவு ஆனது என்று அங்குள்ள ஓட்டுநரிடம் கேட்டால், விற்பனையாளர் சொல்லாததை அவர் சொல்வார். புத்தம் புதிய மாடலை முதல் ஆண்டிலேயே வாங்குவதைத் தவிர்த்தால் ஆரம்பக் கோளாறுகளை வேறு யாராவது அனுபவித்து முடித்திருப்பார்கள். சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் என்பதும் நம்பகத்தின் பகுதிதான். சென்னைக்காரருக்கு எல்லா நிறுவனமும் பக்கத்தில்; அறந்தாங்கிக்காரருக்கு அப்படியல்ல. டொயோட்டா ரூமியன் என்பது பெயர் மாற்றிய எர்டிகாவே. எது அருகில் சர்வீஸ் தருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் ஆறேழு பேர் போகும் வீட்டுக்கு இன்னோவா அளவுக்குக் குறைந்த எதுவும் சரிவராது. புதிது கைக்கு எட்டாவிட்டால் பழையதைப் பார்க்கலாம். ஐந்து பேர் வழக்கமாகவும் இருவர் எப்போதாவதும் என்றால் எர்டிகா, காரென்ஸ் வகை பெட்ரோல் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை குலதெய்வம் கோயிலுக்குப் போக மட்டும் ஏழு இருக்கை தேவைப்படுகிறவர்கள், பாதுகாப்பான ஐந்து இருக்கை வண்டியை வாங்கிவிட்டு அந்த நாட்களுக்கு வாடகை வண்டி எடுப்பதே லாபம்.

செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் தண்ணீரில் நின்றன. 2023இல் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் அதே கதை. கழுவித் துடைத்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக்கறை தெரியலாம். இருக்கையின் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், வாசனைத் திரவியத்தை மீறிய ஈர வாடை எல்லாம் சாட்சிகள். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்புவது சுலபம். சர்வீஸ் பதிவேட்டைத் திருப்புவது கடினம். ஆகவே சர்வீஸ் சென்டரில் அந்த வண்டியின் வரலாற்றைக் கேட்டு வாங்க வேண்டும். முன்பு டி போர்டாக ஓடி ஓன் போர்டுக்கு மாற்றப்பட்டதா, கடன் முடிந்து ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பு நீக்கப்பட்டதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

புது வண்டிக்காகப் பழைய சின்ன காரை விற்பவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கன்சல்டிங்காரர் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துப் போனதோடு விற்பனை முடிந்துவிடுவதில்லை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். பெயர் மாறும் முன் அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலைக் கையில் வாங்கும் வரை பழைய வண்டியின் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.