களைப்பெல்லாம் கவலையால் வருவதில்லை

இடம்பெயர்ந்த குடும்பமொன்றில் யாராவது சோர்ந்து கிடந்தால் நாம் எல்லோரும் ஒரே காரணத்தையே சொல்கிறோம்: காணி பூமியை விட்டு வந்த கவலை. பல வேளைகளில் அது உண்மைதான். ஆனால் அந்தக் கவலைக்குப் பின்னால் ஒரு நோயும் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். கழுத்தின் முன்புறத்தில், வண்ணாத்திப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைரொயிட் சுரப்பியின் கோளாறே அது.

உணவிலுள்ள அயடீனைக் கொண்டு இச்சுரப்பி ஓமோனைச் சுரக்கிறது. நீரிறைக்கும் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது போல, இந்த ஓமோன் உடலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

ஓமோன் குறைந்தால் எல்லாமே மந்தமாகும். எவ்வளவு தூங்கினாலும் களைப்புத் தீராது. சாப்பாடு கூடாமலே உடம்பு வைக்கும். முகம் ஊதும், தோல் வறளும், தலைமயிர் கொட்டும், மலச்சிக்கல் வரும், குரல் கரகரக்கும். மற்றவர்கள் வியர்த்திருக்க இவர் போர்வை தேடுவார். பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போகலாம். பெண்களையே இந்நோய் கூடுதலாகத் தாக்குகிறது. வீட்டாரோ "சோம்பேறி" என்று ஏசுகிறார்கள். அவளும் அதை நம்பிவிடுகிறாள். இது பெரும் அநியாயம். கர்ப்பிணித் தாயிடம் இந்த ஓமோன் குறைந்தால் வயிற்றிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

ஓமோன் கூடினால் நிலைமை தலைகீழ். நன்றாகப் பசிக்கும், சாப்பிடுவார், ஆனாலும் மெலிவார். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வெக்கை தாங்காது, எரிச்சல் வரும், நித்திரை வராது. சிலருக்குக் கண்கள் பிதுங்கும். நீட்டிய கைகளின் மேல் ஒரு கடதாசியை வைத்தால் நடுக்கம் தெளிவாகத் தெரியும். இதைப் "பயம்" என்றும், சில இடங்களில் "பேய்க்குணம்" என்றும் சொல்லி நாட்களைக் கடத்துகிறார்கள்.

கழுத்தில் வீக்கம் இருந்து, விழுங்கும்போது அது மேலும் கீழும் அசைந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வீக்கம் விரைவாகப் பெருத்தாலோ, கல்லுப்போல் இருந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

அறிகுறிகள் சந்தேகத்தைத்தான் தரும்; இரத்தப் பரிசோதனையே உறுதிப்படுத்தும். அறிக்கையில் ரி.எஸ்.எச். கூடியிருந்தால் பெரும்பாலும் தைரொயிட் குறைவாக வேலை செய்கிறது என்பதே பொருள். தூங்கும் சுரப்பியை எழுப்ப, மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி உரக்கக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயடீன் குறைவால் வரும் கழலையைத் தடுக்க, உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது இலங்கையில் 1995இல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த உப்பை மூடிய போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது. ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதாலும் இந்நோய்கள் வருகின்றன. ஆகவே உப்பைக் கூட்டிச் சாப்பிடுவது மருந்தாகாது. இரத்த அழுத்தந்தான் கூடும்.

ஓமோன் குறைவுக்குத் தரப்படும் தைரொக்சின் குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் எடுக்க வேண்டும். தேநீரும் சாப்பாடும் குறைந்தது அரை மணித்தியாலம் கழித்தே. பலருக்கு இது வாழ்நாள் மருந்து. சுகமாகிவிட்டதென்று தாமாக நிறுத்தக் கூடாது. ஓமோன் கூடியதற்குக் காபிமசோல் எடுப்பவர்களுக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால், அடுத்த குளிசையைப் போடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மீண்டும் இடம்மாற நேர்ந்தால் அடையாள அட்டை, காணி உறுதி என்பவற்றோடு கிளினிக் கொப்பியையும் மிச்சக் குளிசைகளையும் ஒரே பையில் வையுங்கள். புதிய இடத்து வைத்தியர் அதைப் பார்த்து மருந்தைத் தொடர்வார்.